விபத்துக்குப் பிறகு பிரஸ் முன்னால்: அரசியல்வாதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி பக்கம் ஓர் எஸ்டேட் சாலை. மாலை நேரத்து மூடுபனி. கொழுந்து எடுத்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாவை ஒரு கட்சிப் பிரமுகரின் கார் இடித்துவிட்டது. அப்போது நான் பகுதி நேர நிருபர். போலீஸ் சொல்லும் முன்பே அந்த அம்மா குடியிருந்த லைன் வீடுகளிலிருந்து எனக்கு போன் வந்துவிட்டது. கால் மணி நேரத்தில் இன்னொரு போன், பிரமுகரின் உதவியாளர். "அண்ணே, சின்ன விஷயம்தான். பார்த்துப் போடுங்க." சரி, அந்த அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அடிபட்டவரின் நிலை தெரியாமல் நிருபருக்கு போன் போடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. எங்கள் முதல் கேள்வி எப்போதும் அதுதான். எந்த ஆஸ்பத்திரி, கூட யார் இருக்கிறார்கள், மேல் சிகிச்சைக்குக் கோவைக்கு அனுப்பினார்களா? இதற்குப் பதில் வைத்திருப்பவரிடம் அடுத்த கேள்வியைப் பொறுமையாகக் கேட்போம். பதில் இல்லாதவர் அதன் பிறகு எதைச் சொன்னாலும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார் என்றுதான் காதில் விழும்.

அடுத்தது நேரம் கடத்துவது. 2006 பிப்ரவரி 11, சனிக்கிழமை மாலை. அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி டெக்சாஸில் ஒரு பண்ணையில் காடை வேட்டையாடும்போது, உடன் வந்த 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டனைத் தவறுதலாகச் சுட்டுவிட்டார். முகம், கழுத்து, மார்பு எங்கும் துப்பாக்கி ரவைகள். அன்று இரவு முழுக்க வெள்ளை மாளிகையிலிருந்து ஒரு வார்த்தை வெளிவரவில்லை. மறுநாள் பண்ணை வீட்டுக்காரர்தான் ஓர் உள்ளூர் நாளிதழுக்குச் சொன்னார். அப்புறம் வந்த விளக்கமும், விட்டிங்டன் பின்னால் வந்ததைக் குரல் கொடுத்துச் சொல்லவில்லை என்ற தொனியில் இருந்தது. அதாவது குண்டடி பட்டவர் மீதே பழி. செவ்வாய்க்கிழமை காலை வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் இதை வைத்து ஜோக் வேறு அடித்தார். அதே நாளில், ஒரு ரவை இதயத்தருகே நகர்ந்து விட்டிங்டனுக்கு லேசான மாரடைப்பு வந்த செய்தி வெளியானது. புதன்கிழமைதான் செனி தொலைக்காட்சியில் தோன்றி, வேறு யாரையும் குறை சொல்ல முடியாது, விசையை இழுத்தது நான்தான் என்றார். சரியான பேச்சுதான். ஆனால் நான்கு நாள் தாமதம். ஞாயிற்றுக்கிழமை காலையே அவர் அதைச் சொல்லியிருந்தால், அந்த ஜோக்குக்கோ பழிக்கோ யாருக்கும் வேலையே இருந்திருக்காது.

அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடியின் கதை இதைவிடக் கொடுமை. 1969 ஜூலையில் சப்பாகுவிடிக் தீவில் அவர் ஓட்டிய கார் பாலத்திலிருந்து நீரில் விழுந்தது. உள்ளே ஓர் இளம்பெண் இறந்துபோனார். கென்னடி போலீசிடம் போனது சுமார் பத்து மணி நேரம் கழித்து. ஒரு வாரம் சென்று தொலைக்காட்சியில் விளக்கம் கொடுத்தார். அந்தப் பத்து மணி நேரத்தைப் பற்றிய கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை.

நம் ஊர்ச் சட்டமும் நேரத்தைச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவுப்படி ஓட்டுநர் அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும், கூடிய சீக்கிரம், அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். பிரஸ்ஸுக்கு என்ன சொல்வது என்று கூடிப் பேசும் முன் இதைச் செய்திருக்க வேண்டும்.

காரை ஓட்டியது யார் என்பதில் ஆள் மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அது குற்றம். மலையில் அது நிற்கவும் நிற்காது. இங்கே எந்த வண்டி யாருடையது என்று டீக்கடைக்காரருக்குத் தெரியும், ஸ்டீயரிங்கில் யார் உட்கார்ந்திருந்தார் என்று எதிரே வந்த பஸ் டிரைவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போட்டோகிராபருடன் போவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தவறு என்றே பலர் நினைப்பதில்லை. ஆரஞ்சுப் பை, ஹார்லிக்ஸ் பாட்டில், கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர், கட்டுப்போட்ட காலோடு ஒருவர் கேமராவைப் பார்க்கிறார். நலம் விசாரிப்பது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் இடித்தவரே படம் எடுத்துப் போட்டால் அது விசாரிப்பு அல்ல. தனியாகப் போங்கள். வெளியே வந்து நிருபர் கேட்டால் போனேன் என்று மட்டும் சொல்லுங்கள். செலவு முழுக்க நான் ஏற்றேன் என்று சொல்லும் முன் பில்லை ஒரு தடவை பாருங்கள். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டமே இலவசமாகத் தருகிறது.

தெரியாததைச் சொல்வதும் தவறுதான். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது. அது யாருக்கும் அவமானமான விபத்து அல்ல, பெரிய துயரம். ஆனால் செய்தி சொன்ன விதத்தைக் கவனியுங்கள். முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் அதில் இருந்தார், விசாரணைக்கு உத்தரவிட்டாயிற்று என்று விமானப்படை பிற்பகலிலேயே சொன்னது. அவர் இறந்ததை உறுதியான பிறகு மாலையில் அறிவித்தது. மறுநாள் நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர், சூலூரில் கிளம்பியது 11.48, தொடர்பு அறுந்தது 12.08 என்று நேரத்தோடு சொன்னார். காரணம் என்ன என்று ஊரெல்லாம் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஊகம் எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்டு கவுன்சிலரும் இப்படிப் பேசலாம்: இந்த நேரத்தில், இந்த வளைவில், நான்தான் ஓட்டினேன், அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இந்த வார்டில் இருக்கிறார், மற்றதைப் போலீஸ் விசாரிக்கிறது.

கடைசியாக ஒன்று. விட்டிங்டன் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது, செனியும் அவர் குடும்பத்தாரும் பட்ட கஷ்டத்துக்காகத் தானும் தன் குடும்பமும் வருந்துவதாகச் சொன்னார். படித்ததும் எனக்கு அந்த எஸ்டேட் அம்மாதான் நினைவுக்கு வந்தார். "அவர் மேல தப்பு இல்லைங்க, நான்தான் இன்னும் ஓரமா வந்திருக்கணும்" என்று கட்டிலில் படுத்தபடி என்னிடம் சொன்னார். பிரமுகரின் ஆட்கள் அதையே அறிக்கையாக எழுதி எல்லா நிருபர்களுக்கும் அனுப்பினார்கள். நான் அந்த இடத்துக்குத் திரும்பப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் திறந்த சாக்கடை. அவர் நடந்து வந்தது அந்தச் சாக்கடையின் விளிம்பில். அதற்கு மேல் ஓரம் அங்கே இல்லை.