அப்பாவின் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற விட்டோம்

அப்பாவுக்கு 79 வயது. ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.2 என்று வந்ததும் எனக்கு ஒரே பெருமை. அவரோ விடியற்காலைகளில் வியர்த்துப்போய், பேச்சு குழறி எழுந்தார். ஒருநாள் குளியலறையில் விழுந்தும்விட்டார். முதுமை என்று நினைத்தோம் (நான்தான் முதலில் சொன்னேன்). அப்புறம் ஒருநாள் 3 மணிக்குக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 54! 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம்.

எழுதி வைத்த அளவுகளைக் காட்டியதும் மருத்துவர் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு அது உடம்பில் நெடுநேரம் தங்கிச் சர்க்கரையை இறக்கிவிடுமாம். ஹெச்பிஏ1சி இலக்கையும் 8-க்குள் என்று தளர்த்தினார். இப்போது 7.6. அந்த எண் எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது. அப்பா நன்றாகத் தூங்குகிறார், காலையில் தனியாகவே நடக்கப் போகிறார்.