பவர் விண்டோ சுவிட்ச்: ரிப்பேரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயணி பக்கக் கண்ணாடி இறங்குகிறது, ஏற மறுக்கிறது. உடனே அந்தக் கதவின் சுவிட்சைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுகிறார்கள். கண்ணாடி அப்போதும் ஏறுவதில்லை. பழைய கார்களின் பவர் விண்டோ வேலையில் அதிகம் பணம் வீணாவது இங்கேதான்.

காரணம் வயரிங்கில் இருக்கிறது. ஜன்னல் மோட்டாருக்கு இரண்டே வயர். ஒன்றில் 12 வோல்ட், மற்றதில் எர்த் (பேட்டரி நெகட்டிவ்வோடு சேரும் இணைப்பு) கொடுத்தால் கண்ணாடி ஏறும்; மாற்றிக் கொடுத்தால் இறங்கும். சுவிட்சைத் தொடாதபோது இரண்டு வயருமே எர்த்தில் இருக்கும். 15, 20 வருடப் பழைய கார்கள் பலவற்றில் பயணி பக்க மோட்டாருக்கு அந்தக் கதவிலேயே எர்த் கிடைப்பதில்லை. பயணி சுவிட்சைக் கடந்து, ஓட்டுநர் கதவிலுள்ள மாஸ்டர் சுவிட்சுக்குப் போய், அதன் காண்டாக்ட் (சுவிட்சுக்குள் தொட்டு இணையும் உலோக முனை) வழியாகத்தான் எர்த்தைத் தொடுகிறது. கண்ணாடி ஏற வேண்டுமானால் மாஸ்டரில் இறக்கும் பக்கக் காண்டாக்ட் எர்த் கொடுத்தாக வேண்டும். அங்கே கரி பிடித்திருந்தால் பயணி சுவிட்ச் புத்தம் புதியதாக இருந்தும் பயனில்லை. மாஸ்டரின் கப்ளரை (வயர்களைச் சுவிட்சோடு இணைக்கும் பிளக்) பிடுங்கி வைத்துவிட்டு, ‘இப்போது பயணி சுவிட்சும் வேலை செய்யவில்லை, வயரிங் போய்விட்டது’ என்று முடிவு கட்டுவதும் இதே தவறுதான். மாஸ்டர் இல்லாமல் அது வேலை செய்யாது.

கழற்றுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். பயணி சுவிட்சுகளை முடக்கும் ஓட்டுநர் பக்க விண்டோ லாக் பட்டன் அழுந்தியிருக்கிறதா? அடுத்து, கதவுக்கும் பாடிக்கும் நடுவே வளையும் ரப்பர் குழாய். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இருக்கும் வயர்கள் மடங்கி மடங்கி, வெளித்தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு அறுந்துவிடும். சுவிட்சை அழுத்திப் பிடித்தபடி கதவை மெதுவாக ஆட்டும்போது கண்ணாடி ஒரு நொடி அசைந்தால் கோளாறு சுவிட்சில் இல்லை. அறுந்ததை முறுக்கி டேப் சுற்றினால் சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி அறும். அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனுள்ள பல இழை வயரை, ஒட்டு மடங்காத இடத்தில் வருமாறு சால்டர் செய்து ஸ்லீவ் போட வேண்டும்.

மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது என்று சுவிட்சை நல்லது என்று விட்டுவிடுவதும் சகஜம். மோட்டார் ஓடாதபோது கரி பிடித்த காண்டாக்ட்கூட 12 வோல்ட் காட்டும். பல ஆம்பியர் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கப்ளரை மாட்டியபடியே, பின்பக்கமாக மீட்டர் முனைகளைச் செருகுங்கள்: ஒன்று சுவிட்சுக்குள் கரண்ட் வரும் பின்னில், மற்றது மோட்டாருக்குப் போகும் பின்னில். மீட்டர் காட்டுவது சுவிட்சுக்குள் வீணாகும் வோல்ட். சுவிட்சை அழுத்தி மோட்டார் ஓடும்போது அது 0.2, 0.3 வோல்ட் என்றால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் சுத்தம் செய்ய வேண்டும். 1 வோல்ட்டுக்கு மேல் என்றால் கட்டாயம் திறக்க வேண்டியதுதான். எர்த் பக்கத்தையும் இதேபோல், மோட்டாரிலிருந்து திரும்பும் பின்னுக்கும் பாடி எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள்.

சுவிட்ச் இடுக்கில் துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே அடிப்பதை நாங்கள் கண்டிப்பாக வேண்டாம் என்போம். அடித்த அன்று வேலை செய்யும். காண்டாக்ட் பிரியும்போது சிறு தீப்பொறி வரும். அதில் எண்ணெய் கருகிக் கரியாகும். அந்தக் கரி பக்கத்துப் பின்கள்வரை பரவினால் கரண்ட் அதன் வழியாகவே கசிந்து சூடேறும். 2012 அக்டோபரில் டொயோட்டா உலகம் முழுவதும் 74 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது ஓட்டுநர் பக்க மாஸ்டர் சுவிட்சுக்காகத்தான். தயாரிப்பில் கிரீஸ் சீராகப் பூசப்படாததால் சுவிட்ச் இறுகியது. கடையில் கிடைக்கும் லூப்ரிகன்ட்டைப் போட்டால் சுவிட்ச் உருகிப் புகையலாம் என்று அந்த நிறுவனமே எச்சரித்தது. 2015-இல் மறுபடி 65 லட்சம் கார்கள். கிரீஸ் போதாமல் தேய்மானத் துகள்கள் சேர்ந்து ஷார்ட் ஆகும் ஆபத்துதான் அப்போது காரணம்.

திறக்க முடிவு செய்துவிட்டால் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பழைய பிளாஸ்டிக்கின் கிளிப் உடையும். பழைய ஏடிஎம் கார்டை இருபுறமும் நுழைத்து மெல்ல விரிக்கலாம். பெரிய பாலித்தீன் பைக்குள் வைத்தே திறங்கள், உள்ளே இருக்கும் நெல்மணி அளவு ஸ்பிரிங்குகள் துள்ளி ஓடாது. ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள்.

உள்ளே ஏற்ற இறக்கப் பலகை (சீசா) போல ஆடும் செம்புத் தகடுகள் இருக்கும். அவற்றின் முனையில் வெள்ளிப் பொட்டு. உப்புத்தாளால் பளபளவென்று தேய்ப்பவர்கள் இந்த வெள்ளியைத்தான் தேய்த்தெடுக்கிறார்கள். அடியிலிருக்கும் செம்பு வெளியே தெரிந்தால் சீக்கிரமே மறுபடி கருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த கெட்டி அட்டைத் துண்டு பெரும்பாலும் போதும். போகாத கரிக்கு மட்டும் 2000 நம்பர் தாளில் இரண்டு மூன்று இழுப்பு. பெட்ரோலும் தின்னரும் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பொட்டு குழி விழுந்து கரைந்திருந்தாலோ, பின்னைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ சுத்தம் செய்வது வீண், சுவிட்சை மாற்றுங்கள். வாங்கும்போது கப்ளர் வடிவம் பொருந்தினால் மட்டும் போதாது. பின்களின் வரிசை காருக்குக் கார் மாறும், பார்ட் நம்பரை ஒப்பிடுங்கள்.

கிரீஸ் போடுவதானால் எலக்ட்ரிகல் காண்டாக்டுக்கென்றே வரும் வகை, குண்டூசித் தலை அளவு. வீல் பேரிங் கிரீஸ் கூடாது.

சுவிட்சை மட்டும் சரிசெய்துவிட்டு, அது ஏன் எரிந்தது என்று பார்க்காமல் விடுவதுதான் அதே கோளாறு திரும்பி வர முக்கியக் காரணம். கண்ணாடி ஓடும் பீடிங் (ரப்பர் பள்ளம்) காய்ந்து மண் சேர்ந்தால் மோட்டார் திணறும், கரண்ட் கூடும், காண்டாக்ட் எரியும். மேலே முட்டிய பிறகும் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார் நின்றபடி சாதாரணத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கரண்ட் இழுக்கும். பீடிங் பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். எண்ணெய் அடித்தால் ரப்பர் ஊதிப்போகும், கண்ணாடி இன்னும் இறுகும். நல்ல நிலையில் இருக்கும் கண்ணாடி இன்ஜின் ஓடும்போது நான்கைந்து வினாடியில் ஏறிவிடும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 20 ஆம்பியர் இடத்தில் 30 போடவே போடாதீர்கள். அப்புறம் ஃபியூஸுக்குப் பதில் கதவுக்குள் வயர்தான் எரியும்.