வீடியோ பார்த்துக் கத்தி அடிக்கப் பழகுவோருக்கு

சுத்தியல் விழும் கோணம், கொறட்டுப் பிடி, அரம் தள்ளும் விதம் எல்லாவற்றையும் வீடியோவில் தாராளமாகக் கற்கலாம். காய்ந்த இரும்பின் நிறத்தை மட்டும் திரையில் பார்த்து நம்பக்கூடாது. கேமரா வெளிச்சத்தைத் தானாகவே கூட்டிக் குறைப்பதால், அடர்சிவப்பில் இருக்கும் இரும்பு ஆரஞ்சாகத் தெரியும். அந்த ஆரஞ்சு வரும்வரை உலையில் வைத்தால் கத்தி கெட்டது.

முதல் தடவை எதையும் தொடாமல் முழு வீடியோவையும் பாருங்கள். இரண்டாம் தடவை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எஃகின் வகை, தடிமன், சூடு, நேரம், எதில் தோய்ச்சல் (காய்ச்சிய எஃகைச் சட்டென முக்கிக் கடினமாக்குவது) என்ற ஐந்தையும் குறியுங்கள். இதில் இரண்டு விடுபட்டிருந்தால் அந்த வீடியோ பொழுதுபோக்குக்குத்தான். ஒரே வேலையை மூன்று பேர் மூன்று விதமாகச் செய்தால் பெரும்பாலும் எஃகு வேறாக இருக்கும். அமெரிக்கக்காரர்கள் ஃபாரன்ஹீட்டில் சொல்வார்கள். 32 கழித்து 1.8ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 1500 என்றால் நமக்கு 815 டிகிரி, 400 என்றால் 204. கால் அங்குலம் 6.35 மி.மீ.

எஃகில்தான் பலர் சறுக்குகிறார்கள். வீடியோவில் 1084 என்ற கரிம எஃகைச் சொல்வார்கள். நம் பக்கம் எளிதில் கிடைப்பது பழைய இரும்புக் கடை லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் பெரும்பகுதி இஎன்45 போன்ற சிலிக்கான் எஃகு, அல்லது குரோமியம் கலந்தது. கரிமம் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம்; அடுப்படிக் கத்திக்குப் போதும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பதால் நட்டு போட்ட துளைப் பக்கத்தையும் துருக்குழி விழுந்த இடத்தையும் வெட்டி ஒதுக்குங்கள். விரல் நீளத் துண்டு ஒன்றைக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, ஆறியபின் வைஸில் கவ்வி, துணி போர்த்தி அடித்து உடையுங்கள். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் நைஸாக இருந்தால் சூடு சரி. சர்க்கரைபோல் மணிமணியாக மின்னினால் சூடு அதிகம். உடையாமல் வளைந்தால் சூடு போதவில்லை, அல்லது அந்த இரும்பில் கரிமம் இல்லை.

பட்டையை மென்மையாக்க, சிவக்கக் காய்ச்சி ரைஸ்மில் உமிச்சாம்பலில் ஓர் இரவு புதையுங்கள். வீடியோக்களில் இதற்கென வெர்மிகுலைட் வாங்கச் சொல்வார்கள். உமிச்சாம்பல் சூட்டை அதே அளவுக்குப் பிடித்துவைக்கும், தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் அதற்குப் பஞ்சமும் இல்லை. சாம்பலில் ஈரம் இருக்கக்கூடாது.

முதல் கத்தி 150 மி.மீ. அலகுள்ள காய்கறிக் கத்தியாக இருக்கட்டும். முதுகு 2.5 மி.மீ. வரும்வரை அடித்து, மீதியை அரத்தில் முடியுங்கள். வீடியோவில் வரும் பெரிய பெல்ட் கிரைண்டர் தேவையில்லை. ஆங்கிள் கிரைண்டரும் 12 அங்குல அரமும் போதும், நேரம்தான் கூடும். தோய்ச்சலுக்கு முன் வாய்ப்பக்கம் (வெட்டும் விளிம்பு) 0.8 மி.மீ. தடிமன் விட்டே ஆகவேண்டும். அதற்கு மெலிந்தால் வாய் அலையலையாக நெளியும், விரிசலும் விடும்.

தோய்ச்சலை வெயில் தாழ்ந்தபின் நிழலில் செய்யுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். முதலில் அந்தச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோய்க் காற்றில் ஆறவிடுங்கள். மூன்று தடவை இப்படிச் செய்தால் அடிக்கும்போது எஃகுக்குள் பருத்த மணிகள் சிறுக்கும். இதை வேகமாக ஓட்டிவிடும் வீடியோக்களே அதிகம். பிறகு காந்தம் விட்ட நிறத்துக்கு மேல் இன்னொரு படி சிவந்ததும் எண்ணெய்க்குக் கொண்டுபோங்கள். ஸ்பிரிங் எஃகு 850 டிகிரியைத் தாண்டிக் கேட்கும்.

நாலைந்து லிட்டர் கடலை எண்ணெய், மூடியுள்ள உயரமான இரும்பு டப்பா, எண்ணெய்ச் சூடு 50 முதல் 60 டிகிரி. ஆறின எண்ணெய் கெட்டியாக இருந்து சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும். பிளாஸ்டிக் வாளி, பழைய இன்ஜின் ஆயில் இரண்டும் வேண்டாம். டப்பாவில் தண்ணீர் சொட்டிவிட்டால் எண்ணெய் பொங்கித் தீப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். தீப்பிடித்தால் மூடியைப் போட்டு அமுக்குங்கள். கத்தியை நுனி கீழாக நேராக இறக்கி, முன்னும் பின்னும் மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். வளைந்துவிட்டால் வெளியே எடுத்த முதல் சில நொடிகளில், கை தாங்காத சூடு இருக்கும்போதே, இரண்டு பலகைக்கு நடுவே அழுத்தி நிமிர்த்தலாம். ஆறிப்போனபின் நிமிர்த்தினால் ஒடியும்.

நம் ஊர்க் கொல்லர் தண்ணீரில் தோய்க்கிறாரே, விரிசல் விடவில்லையே என்று கேட்கலாம். அவர் வாயை மட்டும்தான் நனைக்கிறார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு இறங்கிப் பதத்தைத் தணிக்கும்; வாயில் வைக்கோல் மஞ்சள் நிறம் ஓடும்போது முழுதாக முக்குவார். வீடியோ பார்த்து இது கைவராது. அறுப்பு மிஷின் வந்தபின் கருக்கரிவாள் வேலை குறைந்த பட்டறைகள் பல உண்டு. கேட்டுக்கொண்டு அரைநாள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

எண்ணெயில் முழுதும் முக்கியெடுத்த கத்தியில் அரத்தைத் தேய்த்தால் வழுக்க வேண்டும்; அதுதான் பதம் ஏறியதற்கு அடையாளம். கடித்தால் உடனே மறுபடி காய்ச்சாதீர்கள். சிலிக்கான் எஃகு உலையில் மேல்தோல் கரிமத்தை எளிதில் இழக்கும். தோலை லேசாகத் தேய்த்துவிட்டு அரம் போட்டுப் பாருங்கள். வழுக்கினால் பதத்தைத் தணிக்க அன்றைக்கே ஓடிஜி அடுப்பில் (கேக் சுடும் மின் அடுப்பு) 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை வையுங்கள். ஓடிஜி முள் காட்டும் சூடு நம்பத்தக்கதல்ல; தனி வெப்பமானி உள்ளே வையுங்கள்.

பிடிக்குக் காய்ந்த பூவரசு அல்லது புளி. பச்சை மரம் சித்திரை வெயிலில் சுருங்கி, ஆணிப் பக்கம் இடைவெளி விடும். எபாக்ஸி பசையும் 4 மி.மீ. பித்தளை ஆணியும் போதும். ஆணியை ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும்.

சாணைக் கோணம் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. வெட்டும்போது வாய் சிறுசிறிதாக உதிர்ந்தால் சூட்டை 15 டிகிரி கூட்டி இன்னொரு தடவை ஓடிஜியில் வையுங்கள். மடங்கினால் முதலில் சாணைக் கோணத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதற்கும் மடங்கினால் தோய்ச்சலில் பதம் ஏறவில்லை, திரும்ப உலைக்குத்தான் போகவேண்டும். மாங்காய், புளி பட்டுக் கறுப்பது துரு அல்ல. நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் இருப்பவர்கள் கட்டாயம் ஒவ்வொரு முறையும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவைக்க வேண்டும்.