ஒக்ரோபர் 31: வாசல் விளக்கைப் போடுவதா, அணைப்பதா?

ஒக்ரோபர் பிறந்ததும், மாதக் கடைசியில் வரும் ஹலோவீனுக்காகப் பக்கத்து வீட்டு முற்றத்தில் கல்லறைக் கற்கள் முளைத்திருக்கும். மரத்தில் எலும்புக்கூடு தொங்கும். மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டுகொண்டு நிற்கும். எல்லாம் டொலர் கடைப் பிளாஸ்டிக்தான். ஆனாலும் கனடாவில் முதல் இலையுதிர் காலத்தைப் பார்ப்பவர்கள் ஒருகணம் திகைத்துத்தான் போவார்கள். வீட்டில் அம்மம்மா, அப்பப்பா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போருக்குள்ளிருந்து வந்த மனிதருக்கு மண்ணிலிருந்து நீளும் கை விளையாட்டாகத் தெரியாது. அந்த மாதம் மட்டும் அவர்களை வேறு தெருவால் நடக்கக் கூட்டிப்போவதில் ஒரு பிழையும் இல்லை.

நவம்பர் 1 சகல புனிதர்கள் பெருவிழா. அதற்கு முதல்நாள் மாலைதான் ஹலோவீன். பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கும் இரவு. நவம்பர் 2 இல் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தும் மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கருக்கு இந்த நாட்கள் புதிதல்ல. வேடமும் விளக்கும் அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கத்திலிருந்து வந்தவை. அங்கே விளக்கு வைக்க முதலில் குடைந்தது டர்னிப் கிழங்கை. கடல் தாண்டி வட அமெரிக்காவுக்கு வந்த பிறகுதான் பூசணி அந்த இடத்தைப் பிடித்தது.

"நாங்கள் சைவம், பிள்ளையை விடலாமா?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். கனடாவில் பெரும்பாலானோருக்கு இது சமயத் திருநாளே அல்ல, விடுமுறையும் கிடையாது. விடுங்கள் என்பதுதான் என் பதில். வருடம் முழுக்கத் தலையசைத்துவிட்டுப் போகும் அயலவர்கள், கதவைத் திறந்துவைத்துப் பிள்ளையிடம் கதை கேட்கும் இரவு இது. விருப்பமில்லாவிட்டால் பாடசாலைக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பலாம். ஆசிரியர்கள் அதற்குப் பழகியவர்கள்.

வாசல் விளக்கு எரிந்தால் "வாருங்கள்", அணைந்திருந்தால் "இங்கே இல்லை". இதுதான் முக்கியமான சட்டம். எனக்கு முதல் வருடம் அது தெரியாது. இவர் மாலை ஷிப்ட் முடிந்து வருவார் என்று வழக்கம்போல் விளக்கைப் போட்டுவைத்தேன். ஆறு மணிக்குத் தொடங்கிய அழைப்பு மணி நிற்கவில்லை. சூனியக்காரி, டைனோசர், இரண்டு சிலந்தி மனிதர்கள். கையில் இருந்தது ஊரிலிருந்து வந்த பயற்றம் பணியாரம் மட்டும். கடதாசியில் சுற்றிச் சுற்றிக் கொடுத்தேன். காலையில் பார்த்தால் மூன்று நான்கு நடைபாதையில் கிடந்தன. சரியான கோபம். கடைப் பொதி பிரிக்காததைத் தவிர வேறெதையும் பெற்றோர் உண்ண விடமாட்டார்கள் என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். பணியாரத்தின் பிழையில்லை.

ஆகவே சின்னச் சொக்லேட்டுகள் அடங்கிய பெரிய பெட்டியாக, முன்னதாகவே வாங்குங்கள். கச்சான் (நிலக்கடலை) இல்லாததாகப் பாருங்கள், கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் பல வகுப்பிலும் உண்டு. ஒரு வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி இருந்தால், அங்கே ஸ்டிக்கர், பென்சில் போன்று சாப்பிடாத பொருளும் கிடைக்கும் என்று அர்த்தம்.

தீபாவளியும் இதே வாக்கில் வரும். 2024 இல் இரண்டும் ஒரே நாள். வாசலில் தீபம் ஏற்றினால் தெருப்பிள்ளைகள் அதையும் அழைப்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பேஸ்மென்டில் குடியிருப்பவர்களைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள், செலவு மிச்சம். உங்கள் பிள்ளை போவதற்கு அது தடையில்லை. அடுக்குமாடியென்றால், பிள்ளைகள் வரலாம் என்பவர்கள் பெயர் எழுதும் தாள் கீழே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள கதவுகளை மட்டும் தட்டலாம்.

ரொறன்ரோவில் அன்று ஆறு மணி தாண்டியதும் சூரியன் மறையும். ஆறிலிருந்து எட்டரை வரைதான் நடமாட்டம். மாறுவேட உடுப்பை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே குளிர் ஜாக்கெட் போகவேண்டும். முகமூடியை விட முகப்பூச்சு நல்லது, வீதி கடக்கும்போது கண் தெரியும். சின்னவர்களுடன் நீங்களும் நடந்து போங்கள், ஆனால் படியில் ஏறாமல் நடைபாதையிலேயே நில்லுங்கள். கதவு திறந்ததும் இனிப்புக் கேட்கும் "ட்ரிக் ஓர் ட்ரீட்", பிறகு "தாங்க் யூ", இரண்டையும் பிள்ளையே சொல்லட்டும். மழைக்காகப் பொதுவாக நாள் மாறாது. ஆனால் 2019 இல் புயலுக்குப் பயந்து மொன்றியல் நகரம் நவம்பர் 1 க்குத் தள்ளிவைத்தது.

சொந்தக்காரர் இருக்கும் எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று நினைக்கவேண்டாம். ஸ்கொட்லாந்தில் பிள்ளை சும்மா பையை நீட்டக்கூடாது. ஒரு பாட்டோ, கவிதையோ, பகிடியோ சொல்லித்தான் இனிப்பை வாங்கவேண்டும். எனக்குப் பிடித்த முறை அதுதான். ஜேர்மனியில் நவம்பர் 11 ஐ ஒட்டி வரும் சென் மார்ட்டின் விளக்கு ஊர்வலம்தான் பிள்ளைகளின் பழைய கொண்டாட்டம். எங்கள் ஆட்கள் நிறைய இருக்கும் நோர்த்ரைன் வெஸ்ற்பாலியாவில் நவம்பர் 1 அமைதி காக்கும் விடுமுறை. முதல்நாள் இரவு கூத்து எவ்வளவானாலும் மறுநாள் சத்தம் போடாதீர்கள். சுவீடனில் பிள்ளைகள் சூனியக்காரி வேடம் போட்டு வீடு வீடாகப் போவது ஈஸ்டருக்கு. அவுஸ்திரேலியாவில் இது வசந்தம், பேய்கள் வெயில் வெளிச்சத்திலேயே வந்துவிடும்.

பிரான்சில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நவம்பர் 1 ஐ ஒட்டிக் கடை வாசலெல்லாம் செவ்வந்திச் சட்டிகள் அடுக்கியிருக்கும். சாமிப் படத்துக்கு வைக்கும் பூ என்று ஆசையாக வாங்கிக்கொண்டு பிரெஞ்சு வீட்டு விருந்துக்குப் போய்விடாதீர்கள். அங்கே அது கல்லறைக்கு வைக்கும் பூ.

பூசணி வாங்கும்போது கவனியுங்கள். குடைவதற்கென்று விற்கும் பெரியது நார், தண்ணீர், ருசியில்லை. கறிக்குச் சின்னதை வாங்குங்கள். விதையை மட்டும் எறியாமல் உப்புப் போட்டு வறுக்கலாம். குடைந்த பூசணி மூன்று நாலு நாளில் பூஞ்சணம் பிடிக்கும், அணில் கொறிக்கும். உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியில் போடலாம். அல்லது ரொறன்ரோவில் நவம்பர் 1 மாலை சொரோரன் பூங்காவுக்குக் கொண்டுபோங்கள். அயலட்டை முழுக்கத் தங்கள் பூசணிகளை வரிசையாக வைத்து, உள்ளே திரும்பவும் ஒருமுறை விளக்கேற்றிவிட்டுப் பார்த்து நடப்பார்கள். முடிந்ததும் வீட்டுக்குத் தூக்கிவரத் தேவையில்லை. எல்லாம் அங்கிருந்தே உரத்துக்குப் போய்விடும்.