விதையில் பிழையில்லை: வசனம் கேட்கப் போகும்முன் நாம் விடுகிற தவறுகள்

விதைக்கிறவன் உவமையை இயேசு ஒரு படகில் உட்கார்ந்துதான் சொன்னார். மாற்கு 4ஆம் அதிகாரம் அப்படித்தான் தொடங்குகிறது: சனம் கரையில், அவர் கடலில். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலுமாக வாழ்கிற திருகோணமலைக்காரருக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த உவமையை நாங்கள் பிழையாகத்தான் வாசித்து வந்திருக்கிறோம். ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்கு அதைப் பல வருடம் சொல்லிக்கொடுத்த நானும் அப்படித்தான் வாசித்தேன்.

உவமையில் விதை என்பது வசனம். வழியோரம் விழுந்ததைப் பறவைகள் தின்றன, பாறையில் முளைத்தது வேரில்லாமல் கருகியது, முள்ளுக்குள் விழுந்ததை முள் நெருக்கிப்போட்டது, நல்ல நிலத்தில் விழுந்தது பலன் தந்தது. வழியோரம், கற்பாறை, முள், நல்ல நிலம் என்ற நாலு மண்ணையும் நாலு வகை மனிதராகப் பிரித்துவிடுகிறோம். அதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். "எனக்கு மனசு கல்லு, ஒண்டும் ஏறாது" என்று ஒருவர் கடைசி வாங்கிலில் ஒதுங்கிவிடுகிறார். இன்னொருவர் தன்னை நல்ல நிலம் என்று முடிவு கட்டிக்கொண்டு முன் வாங்கிலில் இருக்கிறார். இரண்டு பேரும் மண்வெட்டியைத் தொடுவதில்லை.

தம்பலகாமத்தில் என் பெரியப்பாவுக்கு வயல் இருந்தது, கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல். ஒரு பெரும்போகத்தில், விதைப்புக்கு முன், அவர் வரம்பு செதுக்கிக்கொண்டு நின்றார். முளை கட்டிய நெல்லை வீசும்போது வரம்பிலும் கொஞ்சம் விழும், மைனா வந்து பொறுக்கிக்கொண்டு போய்விடும். நான் கேட்டேன்: "இது வேற மண்ணோ பெரியப்பா, இவ்வளவு இறுக்கமாக் கிடக்குது?"

"இல்லப் பிள்ளை, இதுவும் வயல் மண்தான். நாங்கதான் மிதிச்சு மிதிச்சு இப்பிடி ஆக்கி வச்சிருக்கிறம்."

சொல்லிக்கொண்டே செதுக்கிய கட்டியை வயலுக்குள் தள்ளிவிட்டார். தண்ணீரில் கிடந்து அது கரைந்து சேறானது. அந்தப் போகம் அந்த இடத்திலும் நெல் நின்றது.

"உங்கள் தரிசுநிலத்தைப் பண்படுத்துங்கள்" என்று ஓசியா 10:12 சொல்வது எனக்கு அன்றுதான் விளங்கியது. மண் மாறும். இல்லையென்றால் பண்படுத்தச் சொல்லியிருக்கவே மாட்டார்.

சரி, எதை மிதித்து நாம் இறுகிப்போகிறோம்? பழக்கம் ஒன்று. ஒரே வசனத்தை நூறு தரம் கேட்டிருப்போம், "இது எனக்குத் தெரிந்ததுதான்" என்று உள்ளே ஒரு கதவு சாத்திக்கொள்ளும். இப்போது போனில் காலையில் ஒரு பிரசங்கம், சமைக்கும்போது ஒன்று, படுக்கும்போது ஒன்று. கேட்பது கூடக்கூட ஒன்றுமே தங்காமல் போகிறவர்களை நான் பார்க்கிறேன். கேட்பதைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி போதும், ஆனால் அதோடு இருங்கள்.

அடுத்தது, மற்றவருக்காகக் கேட்பது. இதை நான் செய்திருக்கிறேன். காணி பிரிப்பில் எனக்கும் என் கூடப்பிறந்த ஒருவருக்கும் பேச்சு நின்றிருந்த காலம். ஒரு ஞாயிறு மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இருந்து மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம். முழு நேரமும் என் மனதில் ஓடியது ஒன்றுதான்: இதைக் கேட்க அவள் இங்கே இருந்திருக்க வேண்டும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு வரிகூட எனக்கென்று கையில் இல்லை. வைராக்கியத்தை வைத்துக்கொண்டு கேட்டால் வசனம் நம் கையில் கல்லாகிவிடுகிறது, எறிவதற்கு. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:23, 24இல் இயேசு சொன்ன ஒழுங்கு அதற்குத்தான். அந்த வாரம் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். பிளேன்டீ தந்தாள். காணிப் பேச்சு அன்றைக்குத் தீரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு வாசிப்பு என் காதில் விழுந்தது.

பாறை நிலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்த்திகை, மார்கழி மழைக்கு எங்கள் பக்கத்துப் பாறைகளின் மேல்கூடப் புல் பச்சையாக நிற்கும். பங்குனி வெயிலுக்கு அது இருந்த இடம் தெரியாது. எழுப்புதல் கூட்டத்தில் அழுதுவிட்டு வந்து, அந்த அழுகையே விசுவாசம் என்று எண்ணுவது இதுபோன்ற தவறு. அழுகை நல்லதுதான், நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அடுத்த திங்கட்கிழமை ஒரு பொய் சொல்லித் தப்பக்கூடிய இடத்தில் என்ன செய்தேன் என்பதில்தான் வேர் இருக்கிறதா என்று தெரியும்.

முள்ளை நாம் பாவம் என்று மட்டும் நினைக்கிறோம். லூக்கா 8:14 முதலில் சொல்வது கவலையை. வெளிநாட்டில் இருக்கும் மகன், அடகில் இருக்கும் நகை, சீட்டுக் காசு. இதையெல்லாம் ஆலய வாசலில் கழற்றி வைக்க யாராலும் முடியாது, முடிகிறதுபோல் நடிப்பதுதான் தவறு. சனி இரவு ஒரு தாளில் எழுதி, பெயர் சொல்லி ஜெபித்துவிட்டு, அந்தத் தாளை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு போங்கள். கவலை போகாது. ஆனால் அதற்கு ஓர் இடம் கிடைத்துவிடும், காது கொஞ்சம் சும்மா இருக்கும்.

கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று பிள்ளைகளின் வாயை அடைப்பதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். கடல் வந்து போன பிறகு "ஏன் ஆண்டவரே?" என்று கேட்டவர்களிடம் "அப்படிக் கேட்கக் கூடாது" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்றுதானே தொடங்குகிறது? பெரோயா பட்டணத்தாரைப் பற்றி அப்போஸ்தலர் 17:11 சொல்வதைப் பாருங்கள். அவர்கள் ஆவலோடு ஏற்றுக்கொண்டார்கள், பவுல் சொன்னது சரியா என்று தினமும் வேதத்தைப் புரட்டியும் பார்த்தார்கள். அதற்காகத்தான் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. அடக்கிவைத்த கேள்வி சாகாது, உள்ளே கிடந்து இறுகும்.

முன்கூட்டி வாசிக்காமல் போவது சின்னத் தவறு, திருத்துவதும் சுகம். கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. மற்றச் சபைகள் பலவற்றிலும் அதை ஒட்டிய அட்டவணை உண்டு. ஆகவே அடுத்த ஞாயிறு என்ன வாசிப்பு என்று முன்னமே அறியலாம். சனிக்கிழமை வாசித்துவிட்டால், ஞாயிறு கேட்பது இரண்டாம் உழவு. வீட்டில் "கர்த்தர்" என்கிற பழைய மொழிபெயர்ப்பும் "ஆண்டவர்" என்கிற திருவிவிலியமும் இரண்டும் இருந்தால் இரண்டிலும் வாசித்துப் பாருங்கள். பழகிப்போன வரி திடீரென்று புதிதாகக் கேட்கும்.

அப்புறம் அவசரம். ஞானஸ்நானம் எடுத்து ஆறு மாதம் ஆகவில்லை, "இன்னும் எனக்குக் கோபம் வருகிறதே" என்று துவண்டு போகிறவர்கள் உண்டு. பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. ஆனால் நல்ல நிலத்திலேயே முப்பது, அறுபது, நூறு என்றுதான் உவமை சொல்கிறது, முப்பதை அது குறை சொல்லவில்லை. "பொறுமையுடனே" என்ற ஒரு சொல்லை லூக்கா மட்டும் சேர்த்திருக்கிறார். மூன்றரை மாத நெல்லுக்குப் பெரியப்பா மூன்றரை மாதம் கொடுத்தார். விதைத்த பத்தாம் நாள் வயலுக்குப் போனாலும் பயிரைத் தொடமாட்டார். வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா, வரம்பில் நண்டு துளை போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வருவார்.

இந்தச் சனி இரவு மாற்கு 4இன் முதல் 20 வசனங்களைச் சத்தமாக வாசியுங்கள். ஐந்து நிமிடம் போதும். இந்த வாரம் உங்களுக்குள் எந்த இடம் மிதிபட்டு இறுகியது என்று கேட்டு, அதை ஒரு வரியில் எழுதுங்கள். யாரோடாவது பேச்சு நின்றிருந்தால், ஞாயிறு விடியும்முன் ஒரு கோல் எடுங்கள்.