குழி விழுந்த கேக்: பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லித்தரும்போது நாம் செய்யும் தவறுகள்

போன மே விடுமுறையில் என் மகள், சேலத்தில் நாலைந்து முறை நன்றாகச் செய்து பழகிய கேக்கை ஏற்காட்டில் என் தங்கை வீட்டில் செய்தாள். அதே டம்ளர், அதே மைதா, அதே பேக்கிங் பவுடர். நோட்டில் எழுதி வைத்திருந்தபடி 35 நிமிடம். பாதி நேரத்தில் ஓவனின் கண்ணாடி வழியே எட்டிப்பார்த்தால் கேக் டின்னின் விளிம்பைத் தாண்டி ஜம்மென்று நின்றது. வெளியே எடுத்தபோது நடுவில் பெரிய குழி. தங்கையின் எட்டு வயது மகன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இங்கேயும் ஒரு ஏரி வந்துடுச்சு" என்றான். பதினொரு வயதுக்காரி அழுதுவிட்டாள்.

தவறு அவளுடையது இல்லை, சொல்லிக்கொடுத்த என்னுடையது. நிமிடக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். பதம் சொல்லிக்கொடுக்கவில்லை.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள்தான் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் கேக் மாவுக்குள் இருக்கும் வாயுக் குமிழிகள் சட்டென்று பெரிதாகின்றன. மாவு வெந்து இறுகுவதற்குள் பொங்கி, தாங்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறது. மறுநாள் பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறைத்து, பாலை இரண்டு ஸ்பூன் கூட்டிச் செய்தோம். குழி விழவில்லை. முட்டையும் பருப்பும் அங்கே கூடுதல் நேரம் கேட்பது ஏன் என்பதும் அன்றைக்கே இருவருக்கும் விளங்கிவிட்டது. அந்தப் பாடத்துக்கு ஒரு கேக் பாழானது ரொம்ப மலிவு.

யூடியூபைப் பார்த்துச் செய்யும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் அதிகம். "மிதமான தீயில் 7 நிமிடம்" என்று வீடியோவில் சொல்கிறார்கள். அவர்கள் அடுப்பின் மிதம் வேறு, நம் வீட்டு அடுப்பின் மிதம் வேறு. நம் பாட்டிமார் யாரும் நிமிடம் சொன்னதில்லை. கடுகு வெடித்து அடங்கணும், வெங்காயம் கண்ணாடியாகணும், எண்ணெய் பிரிஞ்சு வரணும் என்றுதான் சொன்னார்கள். கண், காது, மூக்கு மூன்றுக்கும் அதில் வேலை இருந்தது.

பதம் பழக்க நம் ஊர்ச் சரக்கே போதும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலம் ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டதும், வெள்ளையாக இருக்கும் மணி ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கண்ணாடியாக மாறிக்கொண்டே போகும். கடைசியில் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும். அந்தப் புள்ளியும் மறைந்தால் வெந்துவிட்டது. இதைவிடத் தெளிவாக வேகும் பதத்தைக் காட்டும் பொருள் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. கரண்டியில் நாலு மணியை எடுத்துக் குழந்தையிடம் காட்டி, "புள்ளி தெரியுதா?" என்று கேட்டால் போதும், கடிகாரம் வேண்டாம். அதே பாயசத்தில் இன்னொரு பாடமும் உண்டு. கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும், வெல்லத்தில் இருக்கும் புளிப்புத்தன்மை அப்படி. தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டி, பாயசத்தை இறக்கிச் சூடு தணிந்த பிறகு சேர்க்க வேண்டும். ஒருமுறை வேண்டுமென்றே கால் டம்ளர் பாலில் திரியவிட்டுக் காட்டினேன். பத்து தடவை சொன்னாலும் பதியாதது அன்று பதிந்தது.

இட்லி மாவும் அப்படித்தான். சித்திரை வெயிலில் சேலத்தில் சாயங்காலம் கரைத்து வைத்த மாவு இரவே பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழியும். மார்கழியில் ஏற்காட்டில் விடிந்தும் அசையாமல் கிடக்கும். "எட்டு மணி நேரம்" என்ற கணக்கு இரண்டு ஊருக்கும் பொய். மாவு உப்பியிருக்கிறதா, ஓரத்தில் குமிழி தெரிகிறதா, இலேசாகப் புளித்த வாசம் வருகிறதா என்று பார்க்கப் பழக்குங்கள்.

பாகு மட்டும் விதிவிலக்கு. கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் உருட்டுப் பதத்துக்கு வரும்போது பாகு 110 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோலில் பட்டால் தண்ணீர் மாதிரி வழிந்தும் போகாது, ஒட்டிக்கொள்ளும். பாகைக் கிண்டுவதும் சொட்டு விடுவதும் பெரியவர்கள் வேலையாகவே இருக்கட்டும். தட்டில் இருக்கும் தண்ணீரில் விழுந்து ஆறிய சொட்டை உருட்டிப்பார்ப்பது மட்டும் பிள்ளைகள் வேலை.

முதல் நாளே கேக்

இதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. குழந்தை கேட்கிறது, நமக்கும் போட்டோ எடுத்து அனுப்ப ஆசை. ஆனால் தொடக்கக்காரருக்குக் கேக் கடினமான பண்டம். குழம்பில் உப்பு குறைந்தால் சேர்க்கலாம், காரம் கூடினால் தேங்காய்ப்பால் ஊற்றலாம். ஓவனுக்குள் போன கேக்கை யாராலும் திருத்த முடியாது. முதல் சமையல் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும், முடிந்தால் தீயே இல்லாததாக இருக்க வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு அதற்கு ஒரு பதில் தெருமுனையிலேயே இருக்கிறது: தட்டுவடை செட். தட்டுவடையைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். கேரட்டும் பீட்ரூட்டும் துருவுவது, வெங்காயம் நறுக்குவது, கொத்தமல்லி ஆய்வது, எலுமிச்சை பிழிவது எல்லாம் குழந்தை பொறுப்பு. பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி இரண்டையும் மிக்ஸியில் நீங்கள் அரைத்துக் கொடுங்கள். ஒரு தட்டுவடையில் சட்னி தடவி, காயை வைத்து, மேலே இன்னொன்றை மூடினால் முடிந்தது. சட்னி அதிகமானால் நமுத்துப்போகும், குறைந்தால் தொண்டையில் நிற்கும். புளிப்பு, காரம், இனிப்பு, மொறுமொறுப்பு நான்கையும் தன் கையால் சரிக்கட்டிப் பார்க்கிற பயிற்சி அது. செட் கைவந்தால் அடுத்தது நொறுக்கல் (தட்டுவடையை நொறுக்கிக் காயும் சட்னியும் கலப்பது), அப்புறம் அடுப்பு.

துருவும்போது கடைசித் துண்டை விட்டுவிடச் சொல்லுங்கள். விரல்முட்டி சிராய்வது எப்போதும் அந்தக் கடைசி அரை அங்குலத்தில்தான். அதை வாயில் போட்டுக்கொள்வது துருவுகிறவருக்கான கூலி என்று எங்கள் வீட்டில் சட்டம்.

பயமுறுத்துவதும் மறைப்பதும்

"கிட்ட வராதே, சுட்டுடும்" என்று பத்து வயதுவரை விரட்டிவிட்டு, பதினொன்றில் திடீரென்று தோசை ஊற்றச் சொன்னால் கை நடுங்கத்தான் செய்யும். நேர்மாறான ஆட்களும் உண்டு. பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தி, பக்கத்து பர்னரில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க, சப்பாத்தி திருப்பச் சொல்வார்கள். என்ன ஆபத்து, ஏன் ஆபத்து என்று காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் நம்மைவிடக் கவனமாக இருக்கிறார்கள்.

மொக்கைக் கத்தி பாதுகாப்பு என்று நினைப்பது பெரிய தவறு. மொக்கைக் கத்திக்கு அழுத்தம் அதிகம் வேண்டும், தக்காளித் தோலில் வழுக்கி விரலுக்குத்தான் வரும். சிறிய, கூரான கத்தியைக் கொடுத்து, காயைப் பிடிக்கும் கையின் விரல்நுனிகளை உள்ளே மடக்கிப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். அரிவாள்மனை இப்போது வேண்டாம். என் மாமியார் ஏழு வயதிலேயே அரிவாள்மனையில் உட்கார்ந்துவிட்டதாகப் பெருமையாகச் சொல்வார். "உன் பொண்ணு உட்கார வேண்டாம்" என்றும் அவரே சொல்வார்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. இதை அடுப்புப் பக்கம் வரும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் எண்ணெயின் அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைத் தூக்கி வீசும். கேஸை அணைத்து, தட்டால் மூடினால் போதும். சூடான தக்காளியை மிக்ஸியில் போட்டு மூடி ஓட்டினால் மூடி பறப்பதும் அதே ஆவியின் வேலைதான், ஆறவிட்டு அரையுங்கள். கேஸ் வாசம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிடத் தெரிந்திருக்க வேண்டும்.

சுட்டுக்கொண்டால் பற்பசை, மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். இதில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை. மே மாத மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே சுடும். அந்த நேரத்தில் நிழலில் இருக்கும் டிரம்மிலிருந்தோ மண்பானையிலிருந்தோ மொண்டு மொண்டு ஊற்றுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

பச்சை மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைக் கசக்காத குழந்தை உலகத்தில் இல்லை. அந்தக் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். நறுக்கி முடித்ததும் முதலில் கையில் துளி எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவப் பழக்குங்கள்.

கேக்குக்கு வந்த பிறகு

ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றென்று நினைத்து மாற்றிப்போடுவது முதல் தவறு. சோடா தானாகச் சரியாக வேலை செய்யாது, தயிர், எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பு அதற்குத் துணை வேண்டும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது. சோடாவின் வீரியம் மூன்று நான்கு மடங்கு அதிகம் என்பதால், பவுடருக்குப் பதில் அதே அளவு போட்டால் கேக் பழுப்பேறி, சோப்பு மாதிரிச் சுவைக்கும். இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து எலுமிச்சைச் சாறு பிழிந்தும், பச்சைத் தண்ணீர் விட்டும் காட்டுங்கள். எது எப்போது நுரைக்கிறது என்று பார்த்த பிள்ளை பிறகு மாற்றிப்போடாது.

அடுத்தது அளவு. மைதாவை டம்ளரில் அமுக்கி அள்ளினால் ஒரு எடை, ஸ்பூனால் தூவி நிரப்பினால் வேறு எடை. ஒரே கப் 120 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும். சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், கணக்குப் பாடமும் சேர்ந்து நடக்கும்.

மூன்றாவது, அடித்துக் கலக்குவது. பிள்ளைகளுக்கு விஸ்க்கைக் கொடுத்தால் கை ஓயும்வரை சுற்றுவார்கள், நாமும் "நல்லா அடி, நல்லா அடி" என்போம். பரோட்டாவுக்கு மாவை அடித்துப் பிசைகிறார்களே, எதற்கு? மாவில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் இழுபட்டு, மாவு ரப்பர் மாதிரி வர வேண்டும் என்பதற்காக. கேக்குக்கு அந்த ரப்பர்தான் எதிரி. வெண்ணெயையும் சர்க்கரையையும் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். மைதா சேர்ந்த பிறகு, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கலந்ததும் நிறுத்திவிட வேண்டும். மிச்ச மாவை வழித்து நக்குவதையும் அனுமதிக்காதீர்கள். பச்சை முட்டையில் மட்டுமல்ல, வேகாத மைதாவிலும் கிருமி இருக்கலாம்.

ஓவன் இல்லாத வீட்டில் குக்கரில் செய்வார்கள். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றாமல் மூடுவது ஆபத்து. தண்ணீரில்லாமல் நீண்ட நேரம் காய்ந்தால் அலுமினியக் குக்கரும் கெடும். அடி கனமான பழைய குண்டானில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்துத் தட்டு போட்டு மூடினாலே கேக் நன்றாக வரும்.

கரண்டியைப் பிடுங்குவது

நான் இன்னும் திருந்தாத தவறு இது. உப்புமாவில் கட்டி விழுகிற மாதிரித் தெரிந்ததும் கை தானாக நீண்டுவிடும். "இப்படிக் குடு, நான் பண்றேன்" என்று ஒருமுறை பிடுங்கினால், அது இனி அம்மாவின் உப்புமா. இப்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன், நிஜமாகவே. கட்டி விழுந்தால் விழட்டும், ஏன் விழுந்தது என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

பாத்திரம் கழுவுவதும் மேடை துடைப்பதும் சமையலில் சேர்த்தி. மகனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, பொய்ப் பாராட்டு. சின்னதுகள் மனம் நோகக்கூடாது என்று எதைக் கொடுத்தாலும் "சூப்பர்" என்பது. ஏற்காட்டில் கடைசி நாள் என் மகள் ரவா உப்புமா செய்தாள். தங்கை வீட்டுக்காரர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "கடையில கூட இப்படிக் கிடைக்காதும்மா" என்றார். அவள் தானும் ஒரு வாய் எடுத்துப்போட்டுக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"உப்பு பத்தலைம்மா. சித்தப்பா சும்மா சொல்றார்."

எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்து வந்தாள்.