கறுத்த முன்பல்லுக்குக் கிரவுன் போடப் போகிறீர்களா?

கண்டியில் ஒரு பல் லெப்பில் வேலை செய்கிறேன். டொக்டர் பல்லைச் செதுக்கி அச்செடுத்து அனுப்புவார், அதற்குப் பொருந்தும் பீங்கான் கிரவுனை, அதாவது பல்லை மூடும் உறையை, செய்து கொடுப்பது என் வேலை. கறுத்த பல் வந்தால் இரண்டு தடவை போன் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். ஒருமுறை கேட்காமல் பிழைவிட்டேன்.

தலவாக்கலையிலிருந்து வந்த ஒரு டீச்சர். சின்ன வயதில் லயத்துப் படியில் விழுந்து முன்பல்லில் அடி. பல் உடையவில்லை. ஆனால் உள்ளே நரம்பு செத்து, கசிந்த இரத்தம் பல்லுக்குள் ஊறி, வருஷம் போகப் போகச் சாம்பல் நிறமாகிவிட்டது. ஓடர் தாளில் 'ஏ2' என்று பக்கத்துப் பல்லின் நிறம் மட்டும் இருந்தது. நான் வெளிச்சம் நன்றாக ஊடுருவும் பீங்கானில் செய்தேன். வெளிர்மஞ்சள் சாந்து மாடலில் அச்சொட்டாக இருந்த கிரவுன், வாயில் வைத்துப் பார்த்ததுமே நீலம் பாரித்துப் போனது. டீச்சர் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டார்.

லயத்து அடுப்படிச் சுவரை நினைத்துப் பாருங்கள். விறகுப் புகை படிந்த சுவரில் மெல்லிசாக ஒரு பூச்சுச் சுண்ணாம்பு அடித்தால், காய்ந்த பிறகும் கரி மங்கலாகத் தெரியும். கிரவுனும் அப்படித்தான். வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வந்தால்தான் பீங்கான் உயிருள்ள பல் போல இருக்கும். உள்ளே கறுப்பு இருந்தால் அது வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெளிச்சத்தை முழுக்க மறைத்தாலோ பல் சோக்கட்டி மாதிரி ஆகிவிடும். ஆகவே உள்ளே மறைக்கும் படை, அதற்கு மேல் ஊடுருவும் படை என்று இரண்டும் வேண்டும்.

முதலில், கிரவுன் தேவைதானா என்று கேளுங்கள். தேயிலைக் கறை வெளியே படிவது, சுத்தம் செய்தாலே போய்விடும். வேர் சிகிச்சை செய்த பல் என்றால், உள்ளே மருந்து வைத்து வெளுக்கச் செய்ய முடியுமா என்று பாருங்கள். கொஞ்சம் வெளுத்தாலும் எங்களுக்குப் பெரிய உதவி. வெளுத்த பிறகு ஓரிரு வாரம் விட்டுத்தான் கிரவுனை ஒட்ட வேண்டும்.

அப்புறம் நிறம். பல்லைச் செதுக்கத் தொடங்கும் முன்பே பக்கத்துப் பல்லின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்தபடி இருந்தால் பல் காய்ந்து, இருப்பதைவிட வெள்ளையாகத் தெரியும். லிப்ஸ்டிக் வேண்டாம். நுவரெலியாப் பக்கம் மூடுபனி இறங்கிய பின்னேரத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த நிறத்தை நான் நம்பமாட்டேன், பகல் வெளிச்சத்தில் போங்கள். பலரும் விட்டுவிடுவது செதுக்கிய கறுத்த பல்லின் நிறத்தை. நிற மாதிரியை அதன் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து லெப்புக்கு அனுப்பும்படி கேளுங்கள். டீச்சரின் ஓடரில் அந்தப் படம் இல்லை, நானும் கேட்கவில்லை.

இடமும் வேண்டும். முன்பல்லுக்குச் சாதாரணமாக ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பு போதும். மிகக் கறுத்த பல்லுக்கு இரண்டு கிடைத்தால் நல்லது. பல்லைக் குறைவாகச் செதுக்குவது நல்லதுதான், ஆனால் இங்கே இடமில்லாவிட்டால் கறுப்பு தெரியும், அல்லது பல் முன்னால் தள்ளி நிற்கும்.

பொருளைப் பொறுத்தவரை, உலோகத்தின் மேல் பீங்கான் வைத்த கிரவுன் கறுப்பை முழுக்க மறைக்கும். ஆனால் ஈறு இறங்கினால் ஓரத்தில் சாம்பல் கோடு தெரியலாம். மறைக்கும் தன்மை கூடிய சிர்கோனியா (உறுதியான ஒரு வகை வெள்ளைப் பீங்கான்) உள்ளுறையும் மேலே பீங்கான் படையும்தான் முன்பல்லுக்கு என் விருப்பம். ஒட்டும் சிமெந்து நிறத்தைக் கொஞ்சம்தான் மாற்றும், கறுப்பை மறைக்க அதை நம்பாதீர்கள். ஈறு மெல்லியதாக இருந்து வேரும் கறுத்திருந்தால், ஓரத்து நிழலை எந்தக் கிரவுனும் மறைக்காது.

கடைசியாக, நிரந்தரமாக ஒட்டும் முன் சிமெந்தின் நிறத்திலேயே வரும் பரிசோதனைப் பசையை வைத்துப் பார்க்கக் கேளுங்கள். அது தண்ணீரில் கழுவினால் போய்விடும். டீச்சருக்கு இரண்டாவது கிரவுனை சிர்கோனியாவில் செய்தேன். அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்று பார்த்துவிட்டு, "ஈறுப் பக்கம் இன்னும் கொஞ்சம் மஞ்சள் வேணும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். திரும்ப எடுத்துவந்து நிறம் பூசிச் சூளையில் வைத்தேன். அடுத்த கிழமை ஒட்டினார்கள்.